தோள் நழுவுகிறது, இடுப்பு ஏன் நழுவுவதில்லை?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு 19 வயது. வலது தோள் மூன்றாவது தடவையாக இறங்கியிருக்கிறது. முதல் தடவை விளையாடும்போது கையை ஊன்றி விழுந்ததில். இந்தத் தடவை பரணில் இருந்த பெட்டியை எட்டி எடுத்ததற்கே. பள்ளிப் புத்தகத்தில் தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டு என்று ஒரே வரியில் இருக்கிறது. 'இரண்டும் ஒரே வகை மூட்டு, கையிலும் காலிலும் ஏறக்குறைய ஒரே எலும்புகள், ஆனால் இடுப்பு இப்படி இறங்கி யாரையும் பார்த்ததில்லையே, இவன் எலும்பு மட்டும் பலவீனமா?' என்பது உங்கள் கேள்வி. தம்பியின் தோளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற கையும் காலும், உடம்போடு சேருகிற இடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? அதைச் சொல்லிவிட்டால் தம்பியின் தோளுக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுத்து எனக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நான் எலும்பு அறுவை மருத்துவர் இல்லை. தம்பியின் தோளையோ எக்ஸ்ரேயையோ பார்த்ததும் இல்லை. அதனால் எலும்புகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை உறுதியாகச் சொல்வேன். சிகிச்சை பற்றிப் பேசும் இடத்தில் மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் அந்த 'பலவீனம்' என்ற சொல்லை எடுத்துவிடலாம். தோள் நழுவுவதற்கு எலும்பு பலவீனமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல உறுதியான எலும்பும் நல்ல உடற்கட்டும் உள்ள விளையாட்டு வீரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. உடம்பில் உள்ள பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோள்தான். அது எந்த மனிதருக்கும் பொதுவான அமைப்பிலிருந்து வருகிற விஷயம்.

எலும்புகளை எண்ணிப் பார்த்தால் ஒற்றுமை உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கும். வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளில் 126 எலும்புகள் கைகால்களையும் அவற்றைத் தாங்கும் தோள் வளையம், இடுப்பு வளையம் ஆகிய இரண்டையும் சேர்ந்தவை. ஒரு பக்கக் கைக்கு 32, ஒரு பக்கக் காலுக்கு 31. மேலே ஒற்றை எலும்பு, அதன் கீழே இரட்டை எலும்பு, அப்புறம் சின்னச் சின்ன எலும்புகளின் கூட்டம், பிறகு ஐந்து நீள எலும்புகள், கடைசியில் 14 விரல் எலும்புகள். கையிலும் இதே வரிசை, காலிலும் இதே வரிசை. கட்டைவிரலுக்கு இரண்டு எலும்பு, மற்ற விரல்களுக்கு மூன்று என்பதுகூட மாறவில்லை. கணக்கு வேறுபடுவது மூன்று இடங்களில்தான். மணிக்கட்டில் 8 எலும்புகள், கணுக்கால் பக்கம் 7. முழங்காலில் சில்லு என்று ஓர் எலும்பு தனியாக இருக்கிறது, முழங்கையில் அப்படி ஒன்று இல்லை. மூன்றாவது, வளையம்: தோளில் இரண்டு எலும்புகள், இடுப்பில் ஒன்று. நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இந்த மூன்றாவது இடத்தில் இருக்கிறது.

தோள் வளையத்தின் இரண்டு எலும்புகளில் ஒன்று கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடுகிற காறை எலும்பு. கல்லூரியில் கிளாவிக்கிள் என்போம். மற்றொன்று முதுகில் முக்கோணமாகக் கிடக்கிற தோள்பட்டை எலும்பு, ஸ்காபுலா. இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில், காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடுகிற முண்டின்மேல் இடது கை விரலை வையுங்கள். வலது கையை மெதுவாகப் பக்கவாட்டில் தலைக்கு மேல் வரை தூக்குங்கள். விரலுக்கு அடியில் எலும்பு அசைவது, கை உயர உயரத் தன்னைத்தானே பின்பக்கமாக உருட்டிக்கொள்வது தெரியும். விரல் இருக்கிற அந்தச் சின்ன மூட்டுதான் மொத்தக் கையும் உடம்பின் நடு எலும்புக்கூட்டோடு எலும்புக்கு எலும்பாகச் சேருகிற ஒரே இடம். வேறு எங்கேயும் சேரவில்லை. தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். ஆனால் அங்கே மூட்டு எதுவும் கிடையாது. 17 தசைகள் பல திசையிலிருந்து இழுத்துப் பிடிப்பதால், இரண்டாவது விலாவுக்கும் ஏழாவது விலாவுக்கும் நடுவே அது மிதந்துகொண்டிருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட உடற்கூறு மேசையில் பார்த்துத்தான் நன்றாக உணர்ந்தேன். உடலிலிருந்து கையைத் தனியாகப் பிரிக்கும் நாளில் மாணவர்கள் காறை எலும்பை அறுப்பார்கள், சுற்றியுள்ள தசைகளையும் நரம்பு, ரத்தக்குழாய்களையும் வெட்டுவார்கள். அவ்வளவுதான், தோள்பட்டை எலும்போடு சேர்ந்து முழுக்கையும் தனியாகக் கழன்று வந்துவிடும். எங்கேயோ ஒரு கனமான எலும்புப் பிணைப்பு இருக்கும் என்று எதிர்பார்த்திருந்த மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்த நேரத்தில் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காலை அப்படி எடுக்க முடியாது. இடுப்பு மூட்டின் தடித்த உறையைச் சுற்றிலும் அறுத்த பிறகும் தொடை எலும்பின் தலை வெளியே வராது, பலமாக இழுக்க வேண்டும். காற்று உள்ளே புகும்போது 'பொக்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் உள்ளே இருக்கிற ஒரு தசைநாரையும் வெட்டினால்தான் தலை முழுதாக விடுபடும். மூட்டுக்குள் இருக்கிற அந்த உறிஞ்சும் அழுத்தமும் அதைப் பிடித்துவைக்கிற சக்திகளில் ஒன்று.

காறை எலும்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. எனக்குப் பிடித்த எலும்பு அது. கருவில் எலும்பாக மாறத் தொடங்குகிற முதல் எலும்பு அதுதான், ஐந்தாறு வாரத்திலேயே. மற்ற நீள எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகி அப்புறம் எலும்பாகும். இதன் பெரும்பகுதி சவ்விலிருந்து நேரடியாக எலும்பாகிறது. ஆனால் நெஞ்செலும்புப் பக்கத்து முனை முழுதாக ஒட்டி முடிவது கிட்டத்தட்ட 25 வயதில், நீள எலும்புகளில் கடைசியாக. வயது தெரியாத எலும்புக்கூட்டின் வயதைக் கணிப்பவர்கள் அந்த முனையைப் பார்ப்பது இதனால்தான். இதன் வேலை தோளை உடம்பிலிருந்து தள்ளி நிறுத்துவது. குடைக்கம்பி துணியை விரித்துப் பிடிப்பது போல. காறை எலும்பு இல்லாமலோ அரைகுறையாகவோ பிறக்கிறவர்கள் உண்டு, அரிதான பிறவிக் குறை. அவர்களில் பலரால் இரண்டு தோள்களையும் நெஞ்சுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும்படி கொண்டுவர முடியும். குதிரைக்குக் காறை எலும்பே கிடையாது. பூனைக்கு ஒரு சின்னத் துண்டு தசைக்குள் மிதக்கிறது. முன்னங்காலை முன்னும் பின்னும் வீசி ஓடுகிற பிராணிக்குத் தோளை அகலமாக நிறுத்த வேண்டிய தேவை இல்லை. கிளையைப் பிடித்துத் தொங்க, பக்கவாட்டில் எட்ட வேண்டிய நமக்குத் தேவை.

சரி, இப்போது மூட்டுக்கு வருவோம். தோள்பட்டை எலும்பைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுப்பகுதி வழியாக வெளிச்சம் ஊடுருவும், அவ்வளவு மெல்லிசு. ஆனால் வெளி மூலை மட்டும் தடித்து, பேரிக்காய் வடிவத்தில் ஒரு முகம் இருக்கும். அதைத்தான் 'கிண்ணம்' என்கிறார்கள். பாடப்புத்தகம் போட்ட பெயரில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் அது கிண்ணமே இல்லை. விரலால் தடவினால் லேசான குழிவுதான் தெரியும். தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிற தட்டு போல. அதன்மேல் உட்கார்கிற புய எலும்பின், அதாவது மேல்கையின் ஒற்றை எலும்பின், தலை அதைவிட மூன்று நான்கு மடங்கு பரப்பு உள்ளது. அதாவது எந்த நேரத்திலும் பந்தின் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் தட்டைத் தொடுகிறது. தட்டோ மல்லாந்து கிடக்கவில்லை, பக்கவாட்டைப் பார்த்து நிற்கிறது. விளிம்பைச் சுற்றி ஒரு நார்க் குருத்தெலும்பு வளையம் ஒட்டியிருக்கிறது, லேப்ரம் என்று பெயர். அது குழிவைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. அதற்கு மேல் பந்தைத் தட்டோடு அழுத்திப் பிடிப்பது நான்கு குறுந்தசைகள். தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, புய எலும்பின் தலையை மேலும் முன்னும் பின்னுமாக ஒரு சட்டைக் கைப்பட்டி போலச் சுற்றிப் பிடிக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்று விளையாட்டுக்காரர்கள் சொல்வது இதைத்தான். அந்தப் பட்டி அடிப்பக்கத்தில் திறந்திருக்கிறது. அங்கே வெறும் உறைதான்.

கையைத் தொங்கவிட்ட நிலையிலிருந்து தலைக்கு மேல் வரை 180 பாகை தூக்கும்போது, அதில் ஏறக்குறைய 120 பாகைதான் இந்த மூட்டில் நடக்கிறது. மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பே விலாவின்மேல் சுழல்வதால் கிடைக்கிறது. பந்து உருளும்போது தட்டும் அதன் அடியில் திரும்பிக்கொடுக்கிறது. இது ஒரு நடனம் மாதிரி. தட்டு சரியான நேரத்தில் திரும்பாவிட்டால் பந்து விளிம்புக்குப் போய்விடும். தோள் நழுவியவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையாளர் முதுகுத் தசைகளுக்கும் பயிற்சி கொடுக்கும்போது, 'வலி தோளில், பயிற்சி முதுகுக்கா' என்று சலித்துக்கொள்வார்கள். தோள்பட்டை எலும்பைத் திருப்புகிற தசைகள் அங்கே இருப்பதால்தான் அந்தப் பயிற்சி.

இடுப்புக்குப் போனால் எல்லாமே தலைகீழ். இடுப்பெலும்பு என்று நாம் ஒன்றாகப் பார்ப்பது பிறக்கும்போது மூன்று எலும்புகள். மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கிற புள்ளி வேறெங்கும் இல்லை, சரியாக மூட்டுக் கிண்ணத்தின் நடுவில்தான். சிறுவர்களின் எக்ஸ்ரேயில் அங்கே மூன்று கிளையாகப் பிரிகிற குருத்தெலும்புக் கோடு தெரியும். 14 முதல் 16 வயதுவாக்கில் அது எலும்பாகி மூன்றும் ஒன்றாகிவிடும். இது நிஜமான கிண்ணம், ஆழமானது. தொடை எலும்பின் தலை உருண்டையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும், அதன் பெரும்பகுதி இதற்குள் புதைந்திருக்கிறது. அந்த இடுப்பெலும்போ தசைக்குள் மிதக்கவில்லை. பின்னால் முதுகெலும்பின் அடியில் உள்ள திரிகத்தோடு மிகத் தடித்த தசைநார்களால் பிணைந்திருக்கிறது, அங்கே ஓரிரண்டு பாகைக்கு மேல் அசைவு இல்லை. முன்னால் இரண்டு பக்கத்து எலும்புகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வளையத்தை மூடுகின்றன. தோள் வளையம் பெயருக்குத்தான் வளையம், பின்னால் திறந்தே கிடக்கிறது. இடுப்பு வளையம் மூடிய வளையம்.

இவ்வளவு இறுக்கம் எதற்கு என்றால் சுமைக்கு. ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மூட்டில் விழுகிற விசை உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை, மூன்று மடங்கு. ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். இடுப்பு மூட்டின் முன்பக்கத்தில் தலைகீழ் ஒய் வடிவத்தில் ஒரு தசைநார் இருக்கிறது, உடம்பிலேயே மிக வலுவான தசைநார் என்று அதைத்தான் சொல்கிறோம். நிமிர்ந்து நிற்கும்போது அது முறுக்கிக்கொண்டு இறுகுகிறது. நாம் நெடுநேரம் நிற்க முடிவதற்கு அது பெரிய உதவி. உட்கார்ந்து தொடையை மடக்கும்போது அதே தசைநார் தளர்கிறது. அதனால் இடுப்பு நழுவவே நழுவாது என்று நினைத்துவிட வேண்டாம். காரில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் விபத்தில் முன்பலகையில் மோதினால், அந்தத் தளர்ந்த நிலையில் தொடை எலும்பின் தலை பின்பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடலாம். அது அவசர நிலை. கால் நரம்பு நசுங்கலாம், எலும்புத் தலைக்குப் போகிற ரத்தக்குழாய் சிதைந்து தலையே செத்துப்போகலாம். பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாத குழந்தைகளுக்கும் இடுப்பு விலகும், பிறந்தவுடன் மருத்துவர் குழந்தையின் தொடைகளை விரித்துப் பார்ப்பது அதைக் கண்டுபிடிக்கத்தான். ஆனால் ஆரோக்கியமான இடுப்பை நழுவவைக்கப் பெரிய அடி வேண்டும், பரணில் எட்டினால் நடக்காது.

ஒரே திட்டத்தில் கட்டிய கையும் காலும் எப்படி இப்படிப் பிரிந்தன? இதில் உறுதியாகத் தெரிந்தது ஒன்று, வாதத்தில் இருப்பது ஒன்று. உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான மீன்களில் தோள் வளையம் மண்டையோட்டோடு எலும்பால் இணைந்திருக்கிறது, இடுப்பு வளையம் முதுகெலும்போடு சேராமல் தசையில் கிடக்கிறது. நிலத்துக்கு வந்த பரம்பரையில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. தோள் மண்டையோட்டிலிருந்து கழன்றது, அதனால் கழுத்து என்று ஒன்று கிடைத்தது. இடுப்பு முதுகெலும்போடு பூட்டிக்கொண்டது, அதனால் பின்னங்கால் உடம்பைத் தள்ள முடிந்தது. 2006இல் அறிவிக்கப்பட்ட டிக்டாலிக் என்ற புதைபடிவம், சுமார் 37.5 கோடி ஆண்டு பழையது, அந்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறது. துடுப்புக்குள் ஒற்றை எலும்பு, அப்புறம் இரட்டை எலும்பு. தோளும் மண்டையோட்டிலிருந்து விடுபட்டிருக்கிறது. கழன்ற தோள், பூட்டிய இடுப்பு என்ற அந்த ஏற்பாட்டைத்தான் நாமும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

வாதத்தில் இருப்பது இது: கையும் காலும் ஆரம்பத்திலேயே ஒன்றின் நகலாக மற்றொன்று தோன்றினவா, அல்லது தனித்தனியாகத் தோன்றிப் பிறகு ஒரே கட்டுமான முறையைப் பகிர்ந்துகொண்டதால் ஒன்றுபோல ஆயினவா? நகல் என்பதுதான் பழைய கருத்து. ஆனால் பழங்கால மீன் புதைபடிவங்களில் முன் துடுப்பு இருந்து பின் துடுப்பே இல்லாதவை உண்டு. கையிலும் காலிலும் தசைகளின் ஒற்றுமை எலும்புகளின் ஒற்றுமை அளவுக்கு இல்லை என்று காட்டுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கருவில் கையாக வளரப்போகிற முளையை, அதாவது கை மொட்டை, வழிநடத்துவது டிபிஎக்ஸ்5 என்ற மரபணு, கால் மொட்டில் டிபிஎக்ஸ்4, பிட்எக்ஸ்1. டிபிஎக்ஸ்5 பழுதானால் வருகிற ஹோல்ட்–ஓரம் நோயில் கைகளும் இதயமும் பாதிக்கப்படும், கால்கள் பாதிக்கப்படுவதில்லை. கோழிக் கருவின் சிறகு மொட்டில் பிட்எக்ஸ்1ஐப் புகுத்தினால் சிறகு கால் போன்ற சாயல் பெறுகிறது. இதெல்லாம் சோதனையில் பார்த்த உண்மைகள். ஆனால் இவற்றை வைத்து 'நகல்' என்பதையோ 'இல்லை' என்பதையோ முடித்துவிட முடியாது. எனக்குத் தனிப்பட்ட முறையில், பிற்பாடு ஒன்றுபோல ஆகியிருக்கலாம் என்ற பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. அதை வகுப்பில் பாடமாகச் சொல்ல மாட்டேன்.

கரு வளர்ச்சியில் நடக்கிற இன்னொன்றைச் சொல்லாமல் போனால் கை கால் ஒப்பீடு குழப்பிவிடும். உள்ளங்கையை முன்னே திருப்பிக் கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். கைக் கட்டைவிரல் வெளிப்பக்கம், கால் கட்டைவிரல் உள்பக்கம். முழங்கை பின்னால் பார்க்கிறது, முழங்கால் முன்னால் பார்க்கிறது. நான்காவது வாரக் கடைசியில் கை மொட்டும், அதற்கு ஓரிரு நாள் கழித்துக் கால் மொட்டும் முளைக்கின்றன. அப்போது இரண்டு கட்டைவிரல்களின் பக்கமும் தலையை நோக்கித்தான் இருக்கும். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் கை வெளிப்பக்கமாகவும் கால் உள்பக்கமாகவும் கிட்டத்தட்ட 90 பாகை திரும்பிவிடுகின்றன. கால் திரும்பியதன் தடயம் இன்னும் தோலில் இருக்கிறது: காலின் உணர்வு நரம்புப் பட்டைகள் நேராக இறங்காமல் கயிறு முறுக்கியது போலச் சுற்றி இறங்கும். இதைப் புரிந்துகொண்டால், கையில் கட்டைவிரல் பக்கத்தில் இருக்கிற ஆரை எலும்புக்கு இணை காலில் பெரிய முன்னெலும்பு என்பதும், சுண்டுவிரல் பக்கத்து அல்னாவுக்கு இணை வெளிப்பக்கத்து மெல்லிய ஃபிபுலா என்பதும் தெளிவாகும்.

அந்த இரட்டை எலும்புகளிலும் தோள்–இடுப்புக் கதைதான் மறுபடி நடக்கிறது. மேசையில் முன்கையை வைத்து உள்ளங்கையை மேலே, கீழே என்று திருப்பிப் பாருங்கள். அல்னா ஏறக்குறைய அப்படியே கிடக்கும், ஆரை எலும்பு அதைக் குறுக்காகத் தாண்டிப் படுக்கும். காலில் இப்படி ஒன்றை ஒன்று தாண்ட முடியாது, இரண்டும் மேலும் கீழும் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. ஃபிபுலா முழங்கால் மூட்டிலேயே சேருவதில்லை. எடையில் சிறு பங்கைத்தான் தாங்குகிறது. அதனால்தான் கணுக்காலுக்கு வேண்டிய கீழ்ப்பகுதியை விட்டுவைத்து, நடுப்பகுதியை வெட்டி எடுத்துத் தாடைக்கோ வேறெங்கோ ஒட்டு எலும்பாக வைக்க முடிகிறது. கை முழுக்க, தோளிலிருந்து விரல் நுனி வரை, உள்ளங்கையை வேண்டிய இடத்தில் வேண்டிய கோணத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்காக அமைந்தது. அந்த எட்டலுக்குத் தோள் கொடுக்கிற விலைதான் நழுவல்.

இனி உங்கள் தம்பி. தோள் நழுவல்களில் 100க்கு 95 முன்பக்கமாக நடக்கின்றன. பெரும்பாலும் கை பக்கவாட்டில் உயர்ந்து, பந்து எறியப் போவது போல வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்போது. முதல் தடவை பந்து தட்டின் முன்விளிம்பைத் தாண்டும்போது, அந்த லேப்ரம் வளையத்தை அடி எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போவது வழக்கம். 1923இல் இதை வலியுறுத்தி எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் பாங்கார்ட்டின் பெயரில்தான் அந்தக் காயம் அறியப்படுகிறது. போகிற போக்கில் புய எலும்பின் தலையும் தட்டின் கூரான விளிம்பில் மோதிப் பின்பக்கம் பள்ளமாகலாம். தோளைத் திரும்ப உள்ளே போட்டுவிடலாம், ஆனால் பிய்ந்த வளையம் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டாவது தடவைக்குக் குறைந்த விசை போதும், மூன்றாவதுக்கு அதைவிடக் குறைவு. பரணை எட்டியதற்கே நழுவியது இந்தப் போக்கோடு ஒத்துப்போகிறது. முதல் நழுவல் இளம் வயதில் நடந்தால் மறுபடி நடக்கும் வாய்ப்பு அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மறு நழுவல் குறைவு, அவர்களுக்கு அந்த ரொட்டேட்டர் கஃப் தசைப்பட்டி கிழிவதுதான் பெரிய கவலை. முதல் நழுவலுக்குப் பிறகு கையை எத்தனை வாரம் கட்டிவைப்பது, எந்தக் கோணத்தில் கட்டுவது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. அதனால் முதல் தடவை சரியாகக் கட்டவில்லையே என்று யாரும் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மூன்று தடவை ஆகிவிட்டதால், பயிற்சி மட்டும் போதுமா என்பதை ஓர் எலும்பு அறுவை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: வளையம் பிய்ந்திருக்கிறதா, எம்ஆர்ஐ தேவையா, தட்டின் விளிம்பில் எலும்பு தேய்ந்துபோயிருக்கிறதா, அதை அளக்க சிடி எடுக்க வேண்டுமா. இதில் எலும்புத் தேய்மானம் பற்றிய கேள்வி மிக முக்கியம். எலும்பு நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் தைத்து ஒட்டலாம். விளிம்பு கணிசமாகத் தேய்ந்திருந்தால் தையல் மட்டும் நிற்காமல் போகலாம். அப்போது தோள்பட்டை எலும்பின் முன்பக்கத்தில் கொக்கி போல நீண்டிருக்கிற பகுதியை வெட்டி, தட்டின் முன்விளிம்பில் திருகாணியால் பொருத்துகிற அறுவை ஒன்று உண்டு. தம்பிக்கு மற்ற மூட்டுகளும் நெகிழ்வாக இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். உதாரணமாகக் கட்டைவிரலை வளைத்து முன்கையைத் தொட முடிந்தால் அதைக் குறிப்பிடுங்கள், சிகிச்சை முடிவு அதனால் மாறலாம். தோளின் வெளிப்பக்கத்தில், ஊசி போடுகிற இடத்துக்குக் கிட்டே, தொட்டால் மரத்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்துக்கு உணர்வு கொடுக்கிற நரம்பு மூட்டின் அடியைச் சுற்றித்தான் போகிறது, நழுவும்போது இழுபடும். அப்புறம், இன்னொரு தடவை இறங்கினால் பழக்கமாகிவிட்டதே என்று வீட்டில் யாரையும் இழுத்துப் போடச் சொல்லாதீர்கள். கூடவே எலும்பு உடைந்திருந்தால் அது இழுவையில் பெரிதாகும், நரம்பும் சிக்கலாம்.

போவதற்கு முன்னால் தம்பியை உட்காரவைத்து, மூன்று தடவையும் கை எந்த நிலையில் இருந்தபோது இறங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கை எவ்வளவு உயர்ந்திருந்தது, உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தது, தானாக உள்ளே போனதா, மருத்துவமனையில் போட்டார்களா. அதில் ஏதாவது ஒரு தடவை வலிப்பு வந்தபோதோ மின்சாரம் தாக்கியபோதோ நடந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அந்த மாதிரி நேரத்தில் தோள் பின்பக்கமாக நழுவக்கூடும், நேர்முகமாக எடுத்த ஒற்றை எக்ஸ்ரேயில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். பக்கக் கோணத்திலும் ஒரு படம் எடுக்க வேண்டும்.